கூடுதுறை இருக்கும்போது பிரயாகை எதற்கு? அம்மாவின் திரிவேணி ஆசை

ஜமக்காளம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம்ங்க.

எனக்குச் சொந்த ஊர் பவானி. வீட்டிலிருந்து கூடுதுறைக்குப் பத்து நிமிட நடை. காவிரியும் பவானியும் கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் சேருகிற இடம் என்பதால் தென்னாட்டுத் திரிவேணி என்றே சொல்வார்கள். ஆடிப் பதினெட்டுக்கும் அமாவாசைக்கும் சுற்றுவட்டாரமே அங்கேதான் முழுகும். அப்பாவின் அஸ்தியைக் கரைத்ததும் அங்கேதான்.

அம்மாவுக்கு 69 வயது. வருகிற தை மாதம் பிரயாகைக்குப் போய், கங்கையும் யமுனையும் கண்ணுக்குத் தெரியாத சரஸ்வதியும் கூடுகிற திரிவேணியில் முழுகியே ஆக வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறார். இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அப்பா ஜமக்காளத் தறி வைத்திருந்தார். 2013 கும்பமேளாவுக்கு இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய ஆர்டர் வந்தது, டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார். "பன்னெண்டு வருஷம் தானே, அடுத்ததுக்குப் போயிக்கலாம்" என்றார். 2025 வந்தது, அப்பா இல்லை. தை அமாவாசை அன்று நெரிசலில் ஜனங்கள் செத்துப்போன செய்தியை டிவியில் பார்த்துவிட்டு, அம்மாவைப் போக வேண்டாம் என்று தடுத்தது நான்தான். அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. போன வாரம்தான் திடீரென்று, "மாசம் முழுக்க அங்க மேளா நடக்குமாம், கூட்டம் இல்லாத நாளாப் பார்த்துக் கூட்டிட்டுப் போ" என்றார்.

கூட்டிப் போகத்தான் போகிறேன். ஆனால் என்ன ஏது என்று புரியாமல் வெறும் துணைக்குப் போய் நிற்க மனம் வரவில்லை. எனக்குள்ள சந்தேகம் இதுதான்.

மூன்று ஆறு கூடுகிற இடம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கும்போது, இரண்டாயிரம் கிலோமீட்டர் போய் இன்னொரு கூடலில் முழுகினால் கூடுதலாக என்ன? பள்ளிக்கூடத்தில் படித்த அப்பர் பாட்டு வேறு மனதில் ஓடுகிறது: "கங்கை ஆடிலென் காவிரி ஆடிலென்". அவரே இப்படிச் சொன்ன பிறகு நாம் ஏன் அலைய வேண்டும்?

இதெல்லாவற்றையும்விட என்னை உறுத்துகிற கேள்வி வேறு. முழுகினால் பாவம் போகும் என்கிறார்கள். தறிச் சத்தத்திலேயே காலத்தை ஓட்டி, மூன்று பிள்ளைகளை வளர்த்து, மாமியாரைப் படுக்கையில் ஆறு வருஷம் பார்த்துக்கொண்டவர் என் அம்மா. அவர் என்ன பாவம் செய்தார், இத்தனை தூரம் போய்க் கழுவ? இதைக் கேட்டால் அம்மா சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுகிறார்.

போய் வந்தவர்கள், படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஓதுவார் வீட்டுப் பிள்ளை பதில்:

அப்பர் பாட்டை எடுத்ததால் வருகிறேன். அந்தப் பாட்டின் கடைசி அடியை விட்டுவிட்டு முதல் அடியை மட்டும் சொல்வது எல்லோரும் செய்கிற தவறு. "எங்கும் ஈசன் எனாதவர்க்கு இல்லையே" என்றுதான் முடிக்கிறார். எங்கும் ஈசன் இருக்கிறான் என்று எண்ணாதவருக்குக் கங்கையிலும் பயன் இல்லை, காவிரியிலும் இல்லை, குமரித் துறையிலும் இல்லை. எண்ணுகிறவருக்கு? அவரைப் போகாதே என்று அப்பர் சொல்லவில்லை.

அப்பர் வாழ்க்கையையே பாருங்கள். கயிலையைக் கண்ணால் காண வேண்டும் என்று காசியையும் தாண்டி வடக்கே நடந்தார். கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்தார். அங்கே ஒரு பொய்கையில் முழுகு என்று இறைவன் சொல்ல, முழுகியவர் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார் என்று சேக்கிழார் பாடுகிறார். வடக்கே முழுகித் தெற்கே எழுந்தவர் அவர். திருவையாறும் கயிலையும் ஒன்று என்பது அவருக்கு அங்கே போய் முழுகிய பிறகுதான் தெரிந்தது. வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்குமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

காசி காண்டத்திலும் இதே பொருள் வருகிறது. நம் அதிவீரராம பாண்டியர் தமிழில் பாடிய காசி காண்டத்துக்கு மூலமான வடமொழி நூலைச் சொல்கிறேன். அகத்தியர் தன் மனைவி லோபாமுத்திரைக்குத் தீர்த்தங்களைப் பற்றிச் சொல்லும்போது, வாய்மை ஒரு தீர்த்தம், பொறுமை ஒரு தீர்த்தம், புலனடக்கம் ஒரு தீர்த்தம் என்று மனத் தீர்த்தங்களை முதலில் சொல்கிறார். தண்ணீரிலேயே பிறந்து தண்ணீரிலேயே சாகிற உயிர்கள் மனம் தூய்மையாகாததால் சொர்க்கம் போவதில்லை என்கிறார். அதைச் சொன்ன கையோடு மண்ணில் உள்ள தீர்த்தங்களுக்கும் போகச் சொல்கிறார். இரண்டிலும் முழுகுகிறவனுக்கே பயன். ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளுகிற வேலை நம் நூல்களில் கிடையாது.

துலாக்கட்டம் பதில்:

தம்பி, உங்கள் அம்மா என்ன பாவம் செய்தார் என்று கேட்டீர்களே, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். இதே கேள்வியை நான் ஒரு அம்மாவிடம் நேராகவே கேட்டிருக்கிறேன்.

எனக்கு மாயவரம். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். 2013 பிப்ரவரியில் நானும் என் வீட்டுக்காரரும் கங்கா காவேரி எக்ஸ்பிரஸில் போனோம். தை அமாவாசைக் கூட்டம் கலைந்த பிறகு போய்ச் சேர்ந்து, மாசி மகம் வரை எட்டு நாள் மணலில் கூடாரத்தில் இருந்தோம். மழைக்காலத்தில் கங்கை புரளுகிற இடம் அது. தண்ணீர் வடிந்து மணல் தெரிந்ததும் அதன் மேல் தெருவும் விளக்கும் மிதவைப் பாலமுமாக ஓர் ஊரே எழும்புகிறது. மேளா முடிந்தால் அத்தனையும் கலைந்துவிடும்.

பக்கத்துக் கூடாரத்தில் மத்தியப் பிரதேசத்து ரீவா பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி. கல்பவாசிகள். வடக்கத்திப் பஞ்சாங்கத்தின் பௌஷ பௌர்ணமியில் தொடங்கி மாக பௌர்ணமி வரை (அந்த வருஷம் நம் தைப்பூசத்திலிருந்து மாசி மகம் வரை) ஒரு மாதம் கங்கைக் கரையை விட்டு நகராமல் இருப்பது கல்பவாசம். ஒரு வேளைதான் சாப்பாடு. படுக்கை தரையில், வைக்கோல் மேல். தினமும் விடியுமுன் முழுக்கு, அப்புறம் இன்னும் ஒன்றோ இரண்டோ முழுக்கு. பொய் சொல்லக் கூடாது, கோபப்படக் கூடாது. இப்படித் தொடர்ந்து பன்னிரண்டு தை. அவர்களுக்கு அது பன்னிரண்டாவது வருஷம். கும்பமேளா என்றால் நமக்கு டிவியில் காட்டுகிற நாகா சாமியார்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் வருவதும் முழுகுவதும் பெரிய காட்சிதான், நானும் கும்பிட்டேன். ஆனால் மேளாவின் உயிர் இந்தக் கல்பவாசிகளிடம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. குரு ரிஷபத்திலும் சூரியன் மகரத்திலும் வரும்போது கும்பமேளா என்று உலகமே அங்கே திரும்பிப் பார்க்கிறது. மற்ற வருஷங்களில் மாக மேளா என்ற பெயரில் இவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

நான் அந்தக் காலத்தில் ஹிந்தி பிரசார சபையில் ராஷ்டிரபாஷா வரை படித்தவள். அந்த அம்மா பேசுகிற ஹிந்தி பாதிதான் புரிந்தது. ஒருநாள் காலை நாலரை மணிக்கு அவர் கூடவே ஆற்றுக்குப் போனேன். பனியில் எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்தார். உள்ளே ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள். ஒரு காசை எடுப்பார், நெற்றியில் தொடுவார், ஒரு பெயரைச் சொல்வார், தண்ணீரில் விட்டுவிட்டு ஒரு முழுக்குப் போடுவார். அடுத்த காசு, அடுத்த பெயர். குளிரில் விரல் மடங்கவில்லை. ஒரு காசு முடிச்சின் மடிப்பில் மாட்டிக்கொண்டது. அதை எடுத்து முடிக்கும் வரைக்கும் அந்த ஒரு பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார், எங்கே தவறிவிடுமோ என்கிற மாதிரி. எல்லாம் முடிந்ததும் காசில்லாமல் கடைசியாக ஒரு முழுக்கு. அது தனக்கு.

கூடாரத்துக்குத் திரும்பும்போது கேட்டேன், உங்களைப் பார்த்தால் பாவம் செய்தவர் மாதிரி இல்லையே, எதற்கு இத்தனை வருஷம் என்று. அவர் சொன்னது: "ஊரில் யாருக்கெல்லாம் வர வழி இல்லையோ அவர்கள் காசு கொடுத்தனுப்புகிறார்கள். காலொடிந்து கிடக்கிற ஓரகத்தி இருக்கிறாள், சூரத்துக்கு மில் வேலைக்குப் போன பையன் இருக்கிறான். நான் வராவிட்டால் அவர்களை யார் முழுக்காட்டுவது?"

தம்பி, சாஸ்திரத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. யாரை நினைத்து முழுகுகிறோமோ அவருக்கும் அந்தப் பலனில் ஒரு பங்கு உண்டு. வர முடியாதவருக்காகத் தர்ப்பையில் உருவம் செய்து தீர்த்தத்தில் முழுக்காட்டுகிற வழக்கமும் சொல்லப்பட்டிருக்கிறது. நம் பக்கம் மட்டும் என்ன? காசிக்குப் போய் வந்தால் கங்கா சமாராதனை என்று ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, சொம்புத் தண்ணீரையும் காசிக் கயிற்றையும் பகிர்ந்து கொடுக்காமல் யாத்திரை முடியாது. முழுகப் போவது ஒருவர், பலன் கிடைப்பது ஊருக்கு. உங்கள் அம்மா தன் பாவத்தைக் கழுவத்தான் போகிறார் என்று ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்? சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போகிறார் என்றால் அவர் மடியிலும் ஏதோ ஒரு முடிச்சு இருக்கிறது.

கூடுதுறைக் கேள்விக்கு வருகிறேன். நீராடும்போது சொல்கிற சுலோகம் உங்களுக்கே தெரிந்திருக்கும்: "கங்கே ச யமுனே சைவ கோதாவரி சரஸ்வதி, நர்மதே சிந்து காவேரி ஜலேஸ்மின் சந்நிதிம் குரு." இந்தத் தண்ணீரில் வந்து இருங்கள் என்று ஏழு ஆறுகளையும் கூப்பிடுகிறோம். வீட்டு வாளியில் குளித்தாலும் இதைத்தான் சொல்கிறோம். பிரயாகையில் வாத்தியார் இதைச் சொன்னபோது காவேரி என்ற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பிறந்ததிலிருந்து முழுகிய ஆற்றை அங்கே நின்று கூப்பிடுகிறேன். எங்கள் ஊரில் ஐப்பசி மாதம் கங்கையே காவிரிக்கு வந்து முழுகுகிறாள் என்பது ஐதீகம். ஜனங்கள் அவளிடம் கரைத்த பாவமெல்லாம் அவளுக்கே பாரமாகி, அதை இறக்க வருகிறாள். கும்பகோணத்து மகாமகக் குளத்துக்கும் ஒன்பது நதிகள் இதற்காகவே வருகின்றன என்பார்கள். ஆகையால் தண்ணீரில் உசத்தி தாழ்த்தி பார்க்காதீர்கள். பாலை எங்கே கறந்தாலும் பால்தான்.

அப்படியானால் ஏன் போக வேண்டும்? கொடுப்பதற்குப் போக வேண்டும். பிரயாகை என்ற பெயரிலேயே யாகம் இருக்கிறது. பிரம்மா முதல் யாகம் செய்த இடம் என்று புராணம். யாகம் என்றால் ஒன்றை விட்டுக் கொடுப்பதுதானே. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் அங்கே போனபோது ஹர்ஷர் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கூட்டம் கூட்டி, சேர்த்ததை எல்லாம் வாரிக் கொடுத்து, உடம்பில் இருந்த நகையும் துணியும் போன பிறகு தங்கை ராஜ்யஸ்ரீயிடம் ஒரு பழைய துணி வாங்கி உடுத்திக்கொண்டாராம். பாற்கடல் அமுதம் நான்கு ஊர்களில் துளித் துளியாகச் சிந்திய கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். பாகவதத்தில் பாற்கடல் கடைவதைப் படித்தால் அந்தத் துளிகள் அங்கே இல்லை. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. துளி விழுந்ததோ இல்லையோ, அங்கே காலம் காலமாக மனிதர்கள் வந்து கையில் இருந்ததை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்த ரீவாக் கிழவரை நான் மறக்கவே மாட்டேன். பன்னிரண்டு வருஷம் முடிந்தால் சய்யா தானம் செய்ய வேண்டும். கட்டில், மெத்தை, ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை, பாத்திரம், துணிமணி என்று ஒருவர் குடித்தனம் நடத்தத் தேவையானதை எல்லாம் தானமாகக் கொடுப்பது. மாசி மகத்துக்கு முதல் நாள் கயிற்றுக் கட்டில் வந்து இறங்கியது. அந்தப் பெரியவர் கயிறு ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, தொய்ந்த இடத்தை இறுக்கிக் கட்டினார். மேலே மெத்தையை விரித்து, ரஜாயில் சுருக்கம் இல்லாமல் உள்ளங்கையால் தடவித் தடவி நீவினார். ஒரு மாதமாக வைக்கோலில் படுத்தவர். அன்று ராத்திரியும் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கோலில்தான் படுத்தார்.

எங்கள் பங்குக்கு வேணி தானம் செய்தோம். தம்பதியாகப் போகிற தென்னாட்டுக்காரர்கள் செய்வது அது. வேணி என்றால் பின்னல். மூன்று ஆறு பின்னுகிற இடம் என்பதால் திரிவேணி, அங்கே இருக்கிற பெருமாள் வேணி மாதவர். கணவன் மனைவிக்குத் தலை பின்னி, பூ வைத்து, நுனியை இரண்டு அங்குலம் நறுக்கிச் சங்கமத்தில் விட வேண்டும். என் வீட்டுக்காரர் முப்பத்தாறு வருஷத்தில் என் சீப்பைத் தொட்டவர் இல்லை. மூன்று பிரி எடுக்கத் தெரியாமல் இரண்டைப் பிடித்துக்கொண்டு முறுக்கினார். வாத்தியார் சொல்லிக்கொடுக்கக் கொடுக்க மறுபடி மறுபடி அவிழ்த்துப் பின்னினார். அவர் கை நடுங்கியது பின்கழுத்தில் எனக்குத் தெரிந்தது. படகின் ஒரு பக்கம் கங்கை, வெளுத்த மண் நிறம், விறுவிறுவென்று ஓடுகிறாள். மறுபக்கம் யமுனை பச்சையாக, நிதானமாக. நடுவில் கோடு போட்டதுபோல் இரண்டு நிறம் உரசுகிற இடத்தில் அந்த முடியை விட்டோம். மிதக்காமல் கீழே போய்விட்டது. அவர் 2017இல் காலமானார். தலை பின்னும்போதெல்லாம் அந்தக் கை நினைவுக்கு வருகிறது.

உங்கள் அம்மாவுக்கு அது வாய்க்கவில்லை. அதற்காக அவர் செய்யப்போகிற முழுக்கில் ஒன்றும் குறைந்துவிடாது, இதை அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். 2019இல் நான் தங்கையோடு தனியாகப் போய் அவர் பெயரைச் சொல்லி முழுகினேன்.

வழி இருந்தால் முதலில் ராமேஸ்வரம் போய்க் கடல் மணல் எடுத்துக்கொள்ளுங்கள். சேது மணலைத் திரிவேணியில் கரைத்து, கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வதுதான் நம் முன்னோர் வகுத்த முறை. தெற்கையும் வடக்கையும் அவர்கள் பின்னி வைத்த விதம் அது.

நடந்தே போனவன் பதில்:

மேலே அக்கா சொன்னதற்குப் பிறகு அர்த்தத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் 2025 பிப்ரவரியில் போனவன், வசந்த பஞ்சமி கழிந்து. போக்குவரத்தை நிறுத்திவிட்டதால் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்தோம். எங்களோடு நடந்தவர்களில் பாதிப்பேர் தலையில் மூட்டையோடு வந்த வயதானவர்கள்.

நாள் விஷயத்தில் ஒன்று. ஜனவரி 29 விடியுமுன் நடந்த நெரிசலில் 30 பேர் இறந்ததாக அரசு சொன்னது. அன்று மௌனி அமாவாசை, நம் தை அமாவாசை. அந்த முகூர்த்தத்தில், அந்த ஒரே முனையில் முழுகினால்தான் பலன் என்று எல்லோரும் அங்கேயே படுத்துக் காத்திருந்தார்கள். 1954இலும் இதே அமாவாசையில்தான் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். சங்கராந்தி, அமாவாசை, வசந்த பஞ்சமி ஆகிய மூன்றும் அகாடாக்கள் என்கிற சாமியார் மடத்தார் கும்பமேளாவில் ஊர்வலமாக வந்து முழுகுகிற நாட்கள். நமக்கு அந்த நாள்தான் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மாக மாதம் முழுக்கவே புண்ணிய காலம். மாக மேளாவில் கூட்டம் கும்பமேளா அளவுக்கு இருக்காது, ஆனாலும் அமாவாசையையும் அதற்கு முன்பின் இரண்டு நாட்களையும் தவிர்த்துவிடுங்கள்.

அக்கா ஊர்க் கதையே இதற்குப் போதும். ஐப்பசி கடைசி நாள் கடைமுழுக்குக்கு வந்து சேர முடியாத ஒரு முடவனுக்காக, மறுநாள் கார்த்திகை முதல் தேதியையும் சேர்த்துக் கொடுத்தார் சிவபெருமான். முடவன் முழுக்கு என்று இன்றைக்கும் அன்று மாயவரத்தில் ஜனங்கள் முழுகுகிறார்கள். பிந்தி வந்தவருக்காக நாளையே நீட்டிக் கொடுத்த சாமி, கூட்டம் குறைந்த நாளில் வருகிற 69 வயது அம்மாவை ஏற்க மாட்டாரா?

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தில் ஓர் அறிக்கை கொடுத்தது. மலக்கழிவால் வருகிற கோலிபார்ம் கிருமி, குளிக்கத் தகுந்த அளவான 100 மில்லிக்கு 2,500 என்பதைப் பல இடங்களில் பல நாட்கள் தாண்டியிருந்தது. படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அம்மா என்று கும்பிட்டு அவள் மேலேயே சாக்கடையை விடுகிறோம். நம் பாவத்தைச் சுமந்து அவள் காவிரிக்கு வருகிறாள் என்று அக்கா எழுதியதைப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. ஆகவே தம்பி, படகில் நடு ஓட்டத்துக்குப் போய் முழுக வையுங்கள். தண்ணீரைக் குடிக்கச் சொல்லாதீர்கள், ஆசமனத்துக்கு உதட்டில் தொட்டால் போதும். சோப்பு, ஷாம்பு, பிளாஸ்டிக் பை எதுவும் ஆற்றுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பழைய துணியை ஆற்றில் விடச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

ஜமக்காளம் மீண்டும் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. அக்கா, நீங்கள் எழுதியதை நேற்று ராத்திரி அம்மாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். காசு முடிச்சு வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். எழுந்துபோய் சாமி அலமாரியிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்துவந்தார். பின்பக்கம் முழுக்கப் பெயர்கள். 2012 டிசம்பர் தாள் அது. அப்பா டிக்கெட் எடுத்தபோது தெருவில் இருந்தவர்கள் சொல்லி அனுப்பிய பெயர்களாம். நாற்பத்து மூன்று பேர். அப்பா கையெழுத்தில் பாதி, அம்மா கையெழுத்தில் பாதி.

அதில் பதினொரு பேர் இப்போது உயிரோடு இல்லை. அப்பாவோடு பாவு நூல் கணக்கில் சண்டை போட்டு, கடைசிவரை பேசாமலே போன ஒருவர் பெயரும் இருக்கிறது, அப்பா கையெழுத்திலேயே. "இத்தனை பேருக்கும் வாக்குக் கொடுத்தாச்சு, உங்கப்பாவும் இல்லை, நான் போகாம எப்படிடா" என்றார். நான் 2025இல் தடுத்தது எதை என்று அப்போதுதான் தெரிந்தது. அப்பா பெயரைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்டார். நானே கடைசியில் எழுதினேன். நாற்பத்து நான்கு.

தை அமாவாசை கழிந்து ஒரு வாரம் விட்டு டிக்கெட் பார்க்கிறேன். ராமேஸ்வரம் மணலுக்கு மார்கழியில் போகிறோம். ஒரு சந்தேகம்: நாற்பத்து நான்கு முழுக்கு அந்தக் குளிரில் அம்மாவால் முடியுமா?

துலாக்கட்டம் பதில்:

வேண்டவே வேண்டாம் தம்பி. தை மாதம் அந்தத் தண்ணீர் எலும்புக்குள் போகும். மூன்று முழுக்குப் போதும். ஒன்று எல்லோருக்கும், ஒன்று அப்பாவுக்கு, ஒன்று அவருக்கு. பெயர்களுக்கு, படகிலோ கரையிலோ உட்கார்ந்து ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கை தண்ணீர் அள்ளி ஆற்றிலேயே விடட்டும், அதுவும் முழுக்குக்குச் சமம்தான். வெயில் ஏறி பத்து மணிக்கு மேல் போங்கள். கம்பளிச் சால்வையும் மாற்றுப் புடவையும் உங்கள் கையில் தயாராக இருக்கட்டும், பிளாஸ்கில் சுக்கு மல்லிக் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

காலண்டர் தாளை அம்மா கையில் கொடுக்காதீர்கள், நனைந்துவிடும். நீங்கள் பக்கத்தில் நின்று படியுங்கள், ஒவ்வொன்றாக, அவசரப்படாமல். சண்டை போட்டவர் பெயரையும் அப்பா எழுதிய இடத்திலேயே, அந்த வரிசையிலேயே படியுங்கள்.